இரண்டு சாவும் ஒரே தெருவில்தான்

அமெரிக்காவில் போலீஸ்காரன் ஒரு கறுப்பு இளைஞனைச் சுட்டுக் கொல்லும்போதெல்லாம் ஊர்வலம் கிளம்புகிறது. ஊர்வலத்தின் பின்னாலேயே ஒரு கேள்வியும் கிளம்பி வந்துவிடுகிறது. "போலீஸ் சுட்டா மட்டும் தெருவுக்கு வர்றீங்களே, சிகாகோவுல உங்க ஆளுகளே தினம் ஒருத்தன ஒருத்தன் சுட்டுக்கிறானே, அதுக்கு ஏன் வாயத் திறக்கல?" 2014இல் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் சுடப்பட்டபோது இதைக் கேட்டார்கள். 2020இல் மினியாபொலிஸில் ஒரு போலீஸ்காரன் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக முழங்காலை ஊன்றிக் கொன்றபோதும் கேட்டார்கள்.

கேட்கிறவர்களின் யோக்கியதை நமக்குத் தெரியும். மற்ற நாளெல்லாம் அந்தத் தெருவில் விழுந்த பிணங்களை அவர்கள் ஏறிட்டும் பார்த்ததில்லை. போலீசைக் காப்பாற்ற வேண்டிய அன்றைக்கு மட்டும் அந்தப் பிணங்கள் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கேட்கிறவன் அயோக்கியன் என்பதாலேயே கேள்வி செத்துப்போய்விடாது. பிள்ளையைப் பறிகொடுத்த கறுப்புத் தாய்மார்களும் இதே கேள்வியை வேறு குரலில் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் 2015 முதல் 2024 வரை தொகுத்த பட்டியலின்படி, அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,000 பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியாகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கறுப்பர். மக்கள்தொகையில் கறுப்பர் 13, 14 சதவீதம்தான். இது ஒரு பக்கம். 2020இல் மட்டும் நாடு முழுக்கக் கொலையுண்டவர்கள் 21,000 பேருக்கும் மேல். அதில் பாதிப்பேர் கறுப்பர்கள். அந்த ஒரே ஆண்டில் கொலைகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடின. அதற்குப் பிறகு குறைந்தன என்பது உண்மை. ஆனால் எந்த ஆண்டை எடுத்தாலும் போலீஸ் கொன்ற கறுப்பர்கள் சில நூறு பேர், மற்றவர்கள் கொன்ற கறுப்பர்கள் பல ஆயிரம் பேர். இதை மறைத்து எழுதி நாம் யாரைக் காப்பாற்றப் போகிறோம்?

இந்த இரண்டாவது சாவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'கறுப்பர்மேல் கறுப்பர் செய்யும் குற்றம்.' 'எபோனி' என்ற கறுப்பர் இதழே 1979 ஆகஸ்டில் இந்தத் தலைப்பில் சிறப்பிதழ் போட்டது. அவர்கள் வயிற்றெரிச்சலோடு போட்டார்கள். மற்றவர்கள் அந்தச் சொல்லை வசைச்சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். கொலை என்பது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவன் பக்கத்தில் இருப்பவனைச் செய்வது. வெள்ளையரில் கொலையுண்டவர்களைக் கொன்றவர்களும் பெரும்பாலும் வெள்ளையரே. அதற்கு யாராவது 'வெள்ளையர்மேல் வெள்ளையர் செய்யும் குற்றம்' என்று பெயர் வைத்தார்களா? பெயர் வைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவன் செய்வது குற்றமாக இருக்கும், மற்றவன் செய்வது அவன் பிறப்பாக ஆகிவிடும். இது நமக்குப் புதுசா என்ன?

ஆனால் பெயரின் அரசியலைப் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டால் போதாது. அந்தத் தெருவில் சாவு ஏன் இவ்வளவு மலிந்தது என்று கேட்க வேண்டும். வறுமை, வேலையின்மை, கறுப்பர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கிக் கடன் மறுத்தது, எங்கும் கிடைக்கும் துப்பாக்கி எல்லாம் காரணங்கள்தான். இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சாதி என்ற சொல்லைப் பயன்படுத்தியே ஒருவர் எழுதியிருக்கிறார். ஜான் டொலார்ட் என்ற ஆய்வாளர் 1930களில் மிசிசிப்பியின் ஒரு சிற்றூரில் தங்கி ஆராய்ந்து, 1937இல் 'தெற்கத்தி ஊர் ஒன்றில் சாதியும் வர்க்கமும்' என்ற நூலை வெளியிட்டார். அவர் கண்டது இது: கறுப்பன் வெள்ளைக்காரன்மேல் கை வைத்தால் சட்டம் பாய்ந்து வரும். சில சமயம் சட்டத்துக்கு முன்பே கும்பல் வரும். கறுப்பன் கறுப்பனைக் குத்திக் கொன்றாலோ சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும். கொன்றவன் பண்ணையாருக்கு நல்ல வேலையாளாக இருந்தால் அவரே போய்ச் சொல்லி மீட்டுக்கொண்டு வந்துவிடுவார். பருத்தி எடுக்க ஆள் வேணுமில்ல? செத்தவனுக்கு யார் கேட்பது? இதைக் கருணை என்று நினைக்கக் கூடாது. ஒரு மக்கள் கூட்டத்தைச் சட்டத்தின் காப்புக்கு வெளியே நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இது.

பருத்திக்காடு போய் நகரம் வந்தது. ஏற்பாடு மாறவில்லை. 1967 கலவரங்களை ஆராய்ந்த கெர்னர் ஆணையம் 1968இல் அறிக்கை கொடுத்தபோது, கறுப்பர் பகுதி மக்கள் போலீஸ்மீது இரண்டு புகார் சொல்வதைப் பதிவு செய்தது. ஒன்று, அடிக்கிறார்கள். இன்னொன்று, கூப்பிட்டால் வருவதில்லை. இரண்டையும் ஒரே வாய்தான் சொன்னது. லாஸ் ஏஞ்சலஸில் வேலையற்ற கறுப்பு இளைஞர்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளை 'இதில் மனிதர்கள் யாரும் சம்பந்தப்படவில்லை' என்று பொருள்படும் மூன்று எழுத்தால் அதிகாரிகள் குறித்ததை எழுத்தாளர் சில்வியா விண்டர் 1990களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டி எழுதினார். மனிதனே இல்லை என்று எழுதிவிட்ட பிறகு கொலையாளியை எதற்குத் தேடுவது? 2018இல் வாஷிங்டன் போஸ்ட் 50 பெரிய நகரங்களில் பத்தாண்டுகளில் நடந்த 50,000க்கும் மேற்பட்ட கொலைகளை ஆராய்ந்தது. ஏறத்தாழ பாதிக் கொலைகளில் யாரும் கைது செய்யப்படவில்லை. செத்தவர் கறுப்பர் என்றால் கைது நடக்கும் வாய்ப்பு எல்லோரையும்விடக் குறைவு. அண்ணனைக் கொன்றவன் அதே தெருவில் நடமாடுகிறான், சட்டம் வராது என்பது தம்பிக்குத் தெரியும். அப்போது அவன் கையில் எது ஏறும்? ஒரு சாவு அடுத்த சாவை இப்படித்தான் கூட்டி வருகிறது.

ஆக, நிரபராதியைச் சுடும் போலீசும் கொலைகாரனைத் தேடாத போலீசும் ஒரே போலீஸ்தான். இரண்டையும் தராசின் இரண்டு தட்டில் வைத்து 'எது பெரிசு' என்று கேட்பதே மோசடி. இரண்டு சாவும் ஒரே தட்டில் கிடக்கின்றன.

சில இடங்களில் அரசின் கை இன்னும் நேராகவே தெரிகிறது. சிகாகோவில் கருஞ்சிறுத்தைக் கட்சியின் ஃபிரெட் ஹாம்ப்டன் தெருக் கும்பல்களோடு பேசி, அந்த இளைஞர்களை அரசியலுக்குக் கொண்டுவர முயன்றார். 1969 ஜனவரியில் எஃப்.பி.ஐ. ஒரு மொட்டைக் கடிதம் தயாரித்து, சிறுத்தைகள் உன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று கும்பல் தலைவனுக்கு அனுப்பியது. கறுப்பனைக் கறுப்பன் கொல்ல வேண்டும் என்று அரசாங்கமே அஞ்சல்தலை ஒட்டியது. அது பலிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 4 விடியற்காலையில் போலீஸ் அவர் வீட்டுக்குள் புகுந்து எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. படுக்கையிலேயே கொல்லப்பட்ட ஹாம்ப்டனுக்கு வயது 21.

சரி, 'அதுக்கு ஏன் வாயத் திறக்கல' என்பதாவது உண்மையா? டெட்ராய்ட்டில் 1986இல் மகனைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த கிளெமென்டைன் பார்ஃபீல்டு என்ற தாய், தன்னைப் போன்ற தாய்மார்களைச் சேர்த்து 1987இல் 'நம் மகன்களையும் மகள்களையும் காப்போம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் எதிரெதிர்க் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் 1992 ஏப்ரலில் தாங்களாகவே உட்கார்ந்து பேசிச் சண்டை நிறுத்தம் செய்துகொண்டார்கள். சில நாளில் ரோட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்களை நடுவர் குழு விட்டுவிட, நகரம் பற்றி எரிந்தது. உலகம் நெருப்பைப் பார்த்தது. அதற்கு முன் கைகுலுக்கியவர்களைப் பார்க்கவில்லை. வாய் திறந்துதான் இருந்தது. காது இல்லை.

கவனத்துக்கும் ஒரு தகுதி கேட்கிறார்கள். 2013 ஜனவரியில் சிகாகோ பூங்கா ஒன்றில் 15 வயது ஹடியா பெண்டில்டன் சுடப்பட்டாள். ஒபாமாவின் பதவியேற்பு விழா நிகழ்ச்சியில் தன் பள்ளிக் குழுவோடு ஆடிவிட்டு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. சாவுக்கு மிஷெல் ஒபாமாவே வந்தார். வரட்டும், நல்லதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு மட்டும் அந்நகரில் 500 பேர் கொலையானார்கள். ஜனாதிபதிக்கு முன்னால் ஆடாத பிள்ளைகளின் சாவுக்கு யார் வந்தது?

போலீஸ் கொலைக்குக் கிடைக்கும் கவனமும் சும்மா கிடைத்ததில்லை. அதே சிகாகோவில் 2014 அக்டோபரில் 17 வயது லக்வான் மெக்டொனால்டை ஒரு போலீஸ்காரன் பதினாறு முறை சுட்டான். அந்தப் படக்காட்சியை மாநகரம் பதின்மூன்று மாதம் பூட்டி வைத்தது. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அது வெளியே வந்தது. 2018இல் அந்தப் போலீஸ்காரன் குற்றவாளி என்று தீர்ப்பானது. கள்ளத்துப்பாக்கிக்காரன் கொன்றால் அது குற்றம் என்றாவது அரசு ஒத்துக்கொள்கிறது. சீருடைக்காரன் கொன்றால் அது கடமை என்கிறது. ஆகவே சீருடைக் கொலைக்கு எதிராகத் தனியாகக் குரல் எழுப்பத்தான் வேண்டும். அதில் சமரசம் இல்லை.

நம் பக்கத்துத் தவறையும் சொல்லிவிட வேண்டும். அன்றாடச் சாவைப் பேசினால் எதிரி பிடித்துக்கொள்வான் என்று இயக்கங்கள் பல சமயம் தயங்கின. தயங்கிய இடத்தில் சிறைச்சாலை வந்து உட்கார்ந்தது. போதைமருந்தாலும் துப்பாக்கியாலும் வெந்துபோன கறுப்பர் பகுதிகள் 1980களிலும் 90களிலும் பாதுகாப்பும் கேட்டன, வேலையும் பள்ளியும் கேட்டன. 1994 குற்றத் தடுப்புச் சட்டத்துக்குப் பல கறுப்பின உறுப்பினர்களும் வாக்களித்தார்கள். ஜேம்ஸ் ஃபோர்மன் இளையவர் 2017இல் எழுதிய நூல் இந்த வரலாற்றைத்தான் சொல்கிறது: கேட்டது பலது, அரசு கொடுத்தது போலீசும் சிறையும் மட்டும்.

ஐடா பி. வெல்ஸை இங்கே நினைக்க வேண்டும். 1892இல் மெம்ஃபிஸில் நண்பர்கள் மூன்று பேரைக் கும்பல் கொன்ற பிறகு, வெள்ளையர் பத்திரிகைகளின் கணக்கை வைத்தே கும்பல் கொலைகளை உலகத்தின்முன் நிறுத்தியவர் அவர். அவர் அச்சகத்தை உடைத்தார்கள். அந்த வெல்ஸ்தான் 1910இல் சிகாகோவின் ஸ்டேட் தெருவில் ஓர் இல்லம் திறந்தார். தெற்கிலிருந்து வந்து வேலை கிடைக்காமல் சாராயக்கடைக்கும் சூதாட்டத்துக்கும் சிறைக்கும் போய்க்கொண்டிருந்த கறுப்பு இளைஞர்களுக்குப் படிக்க இடம், படுக்க இடம், வேலைக்கு வழி. 1913இல் நன்னடத்தை அதிகாரி வேலையில் சேர்ந்து, அந்தச் சம்பளத்தைப் போட்டு இல்லத்தை நடத்தினார். கும்பல் கொலைகளை எண்ணிய அதே கை, சிறையிலிருந்து வந்த பையனுக்குப் பாயும் போட்டது. இரண்டும் தனித்தனி வேலை என்று அவர் நினைக்கவில்லை.

அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாய் இளைஞர்கள் சிறுத்தைகளின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து நாம் பெயரும் முழக்கமும் கொண்டுவந்தோம். ஸ்டேட் தெரு வீட்டையும் கொண்டுவந்திருக்க வேண்டும். துப்பாக்கிச்சூடு நடந்த அன்றைக்குச் சேரிக்குப் போகிற நாம், குடித்துவிட்டு வெட்டிக்கொண்டு ஒரு பையன் செத்த அன்றைக்கும் போகிறோமா? அந்த அம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து யாராவது வருவார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.