கோடு கீறியவர்கள்: வறுமையை எண்ணத் தொடங்கிய கதை

2023இல் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளிவந்தபோது எங்களில் ஒருத்தியின் சித்தியுடைய பெயர் அதில் இருக்கவில்லை. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மெசின், லீசிங்கில் எடுத்த பழைய மோட்டார் சைக்கிள். "அப்ப நான் ஏழை இல்லையாம், நல்ல விசயம் தானே" என்று சித்தி சிரித்தா. மேன்முறையீடு எழுதிக் கொடுக்க உட்கார்ந்த இடத்தில்தான் எங்களுக்கு இந்தக் கேள்வி வந்தது. இவர் ஏழை, இவர் ஏழை இல்லை என்று முதலில் கணக்குப் போட்டது யார்? எதை வைத்துப் போட்டார்கள்?

பலரும் இங்கிலாந்தின் யோர்க் நகரத்தில் இருந்துதான் இந்தக் கதையைத் தொடங்குவார்கள். சாக்லேட் கொம்பனிக் குடும்பத்துப் பிள்ளையான சீபோம் ரௌன்ட்ரீ 1899இல் அங்கே பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் குடும்பங்களின் விபரத்தைத் திரட்டினார். உடம்பு ஓட எவ்வளவு சாப்பாடு வேணும், அதற்கு என்ன விலை, அதோடு வாடகை, உடுப்பு, விறகு, கரி. தாய் தகப்பன் மூன்று பிள்ளைகளுக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் என்று கணக்கு வந்தது. அவருடைய சாப்பாட்டுப் பட்டியலில் புது இறைச்சி இல்லை. பஸ்ஸுக்கு, கடிதத்துக்கு, பிள்ளைக்கு ஒரு இனிப்பு வாங்க அதில் ஒரு சதமும் இல்லை. "சனம் குடிச்சுச் செலவழிக்குது" என்று சொல்பவர்களின் வாயை அடைக்கத்தான் அவர் வேண்டுமென்றே இவ்வளவு இறுக்கிப் பிடித்தார். இறுக்கியும் நகரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். பிரச்சினை பிறகுதான் வந்தது. எதிராளியை மடக்கப் போட்ட கஞ்சக் கணக்கையே, பின்னால் வந்த அரசாங்கங்கள் வறுமையின் வரைவிலக்கணமாகப் பிடித்துக்கொண்டன. ரௌன்ட்ரீயே 1936இல் திரும்பவும் யோர்க்கை ஆய்வு செய்தபோது தன் கோட்டை உயர்த்திவிட்டார். பத்திரிகையும் வானொலியும்கூட ஒரு மனுசனுக்குத் தேவை என்று சேர்த்தார்.

ஆனால் ரௌன்ட்ரீக்கு முன்னாலேயே, 1870களில், பம்பாயைச் சேர்ந்த தாதாபாய் நௌரோஜி இந்தியாவுக்கு இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தார். இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபா என்று கணித்தார். பிரித்தானிய அரசு தன் சிறைக்கைதி ஒருவருக்குச் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் செலவழிப்பதை அதன் பக்கத்தில் வைத்தார். கைதிக்கான செலவு கூட. வெளியில் இருக்கும் குடியானவன் உள்ளே இருக்கும் கைதியை விடக் குறைவாகச் சாப்பிடுகிறான் என்று அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தை வைத்தே காட்டிவிட்டார். அந்தக் கோட்டைக் கீறியவர் ஆளப்பட்டவர்களில் ஒருவர். பாடப்புத்தகங்களில் இவரை விட ரௌன்ட்ரீக்கு இடம் அதிகம், அதை என்னவென்று சொல்வது.

சரி, எங்கட தீவுக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வந்த அரிசிப் பங்கீடு எல்லாருக்கும் பொதுவானது. நீ ஏழையா என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, கூப்பன் புத்தகம் இருந்தால் போதும். 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்தில் இருந்து 70 சதமாக ஏற்றியபோது ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலக வேண்டி வந்தது. எல்லாருக்கும் கிடைப்பதில் கைவைத்தால் எல்லாரும் தெருவுக்கு வருவார்கள் என்பதை ஆட்சியாளர்கள் மறக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

1977க்குப் பிறகு அந்த "எல்லாரும்" உடைந்தது. 1978இல் மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு என்றானது. அடுத்த வருசம் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. வருமானத்தைச் சனமே சொல்ல வேண்டும். நாட்டில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தகுதி பெற்றார்கள், பொய் சொல்லுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்தது. முத்திரையில் அச்சடித்த ரூபாய்ப் பெறுமதி அப்படியே நிற்க, கடையில் விலை ஏறிக்கொண்டே போனது. ஒருவரையும் பட்டியலில் இருந்து வெட்டாமலே உதவியைச் சுருக்க அது போதும். பிறகு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி. பெயர்கள் மாறின, பட்டியல் போடும் வேலை மாறவில்லை.

இவ்வளவு நடந்தும் நாட்டுக்கு உத்தியோகபூர்வமான வறுமைக்கோடு ஒன்று 2004இல்தான் வந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2002ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவு ஆய்வை எடுத்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,030 கிலோகலோரி, அதை வாங்கும் செலவு, அதன் மேல் கொஞ்சம் பிற செலவு. ஒருவருக்கு மாதம் 1,423 ரூபா. அதற்குக் கீழே 22.7 வீதமானவர்கள் இருந்தார்கள். பழைய ஆய்வுகளுக்கும் அதே கோட்டைப் பின்னோக்கிப் போட்டபோது 1990/91க்கு 26.1 வீதம், 1995/96க்கு 28.8 வீதம் என்று வந்தது.

இந்த மூன்று எண்களையும் "இலங்கையின் வறுமை" என்று எத்தனையோ அறிக்கைகளில் பார்க்கலாம். அட்டவணையின் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: வடக்கு, கிழக்கு மாகாணங்கள் தவிர.

நாங்கள் இதை முதலில் வாசித்தபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. யுத்தம் நடந்த இடத்துக்கு ஆய்வாளர் போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் எந்தக் காலம் என்று பாருங்கள். 1990களில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. எரிபொருள், சவர்க்காரம், சீமெந்து, பற்றரி எல்லாம் தடைப் பட்டியலில். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை எங்கட அம்மா அப்பாமார். 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அதே 1995/96க்குரிய தேசிய வறுமை வீதத்தில் அந்த வீதியில் நடந்த ஒருவர்கூட இல்லை.

எண்ணியிருந்தாலும் அந்தக் கோடு என்னத்தைக் காட்டியிருக்கும் என்பதும் ஒரு கேள்வி. ரூபாயில் கீறிய கோடு, காசு இருந்தால் பொருள் கிடைக்கும் என்று நம்பித்தான் கீறப்படுகிறது. கையில் காசு இருந்தும் மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் 1,423 ரூபாவுக்கு என்ன அர்த்தம்?

2006/07இல் கிழக்கின் பெரும்பகுதி சேர்ந்தது, வட மாகாணமும் திருகோணமலையும் வெளியே. 2009/10இல் யாழ்ப்பாணமும் வவுனியாவும் வந்தன, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு வெளியே. யுத்தம் மிக மோசமாக அடித்த இடங்கள் இல்லாமல்தான் அந்த வருசம் வறுமை 8.9 வீதமாகக் குறைந்ததென்று நாடு சந்தோசப்பட்டது. எல்லா மாவட்டங்களும் உள்ளே வந்தது 2012/13இல். அப்போது தேசிய வீதம் 6.7, முல்லைத்தீவில் 28.8.

அடுத்த பாடம் மலையகத்தில் இருந்து. 2016இல் தோட்டத்துறையில் வறுமை 8.8 வீதம். 2019இல் 33.8 வீதம். மூன்று வருசத்தில் தோட்டங்களில் பூகம்பம் ஒன்றும் நடக்கவில்லை. 2002இன் நுகர்வுப் பழக்கத்தை வைத்துக் கீறிய பழைய கோட்டை விட்டு, 2012/13ஐ அடிப்படையாக வைத்த புதிய கோட்டுக்குத் திணைக்களம் மாறியது. புதுக்கோட்டின்படி 2019இல் ஒருவருக்கு மாதம் 6,966 ரூபா. தேசிய வீதமும் 4.1இல் இருந்து 14.3க்குப் போனது. கோட்டைத் திருத்தியது சரியான வேலைதான், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அதே லயத்தில், அதே கொழுந்துக் கூடையோடு நின்ற பல்லாயிரம் பேர் 2016இல் "வறியவர் அல்லாதோர்" என்று பதிவானார்கள். நெருக்கடிக்குப் பிறகு, 2024இல் அந்தக் கோடு 16,000 ரூபாவையும் தாண்டி நின்றது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கணக்கு வருமானத்தை அல்ல, செலவைப் பார்க்கிறது. கிழமைக் கடன்காரனிடம் வாங்கிய காசில் உலை வைத்தாலும் அது செலவுதான், ஆய்வில் அந்த வீடு கோட்டுக்கு மேலே ஏறும். யுத்தத்துக்குப் பிறகு நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வந்த வன்னியில் இது சின்ன விசயமில்லை. வீட்டுச் செலவைத் தலைக்கணக்கால் பிரிக்கும்போது, எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டி வழிக்கும் அம்மாவுக்கும் சமபங்கு போய்விடுகிறது.

அஸ்வெசும ரூபாய்க்கோட்டை விட்டு 22 குறிகாட்டிகளால் அளக்கிறது. கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு, மின்சாரப் பாவனை என்று பல. புள்ளிகளைக் கூட்டி நாலு வகுப்பு, தொடங்கியபோது மாதம் 2,500இல் இருந்து 15,000 ரூபா வரை. ஒரே எண்ணை விட இது நல்லது என்று எங்களில் பாதிப்பேர் சொல்கிறார்கள். மற்றப் பாதி சித்தியின் மோட்டார் சைக்கிளைக் காட்டுகிறது. லீசிங் முடிய இன்னும் பதினொரு மாதம் இருந்தது. ஒரு மாதம் கட்டாவிட்டால் அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். மேன்முறையீட்டில் அதைத்தான் முதல் வரியாக எழுதினோம்.