இ.சி.ஜி.யில் நுரையீரல் உயர் இரத்த அழுத்தம்

நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் ஓய்வுநிலையில் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் அது நுரையீரல் உயர் இரத்த அழுத்தம் எனப்படும். முன்பு 25 என்றிருந்த இந்த எல்லையை 2018-இல் நடந்த உலக மாநாடு குறைத்தது. கையில் பட்டை கட்டி அளக்கும் ‘பி.பி.’ வேறு, இது வேறு. இதய வலப்பக்கத்துக்குள் கதீட்டர் செலுத்தி அளந்தால்தான் நோய் உறுதியாகும்.

இ.சி.ஜி. எந்த அழுத்தத்தையும் அளப்பதில்லை. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து உழைத்துத் தடித்துப்போன வலது கீழறையைத்தான் அது காட்டுகிறது. இயல்பில் இடது கீழறைச் சுவர் வலதைவிடப் பலமடங்கு தடிமன். பதிவில் ஓங்கியிருப்பதும் அதன் மின்விசையே. அதை மீறி வலப்புறம் தெரிய வேண்டுமானால் அங்கே தசை கணிசமாகப் பெருத்திருக்க வேண்டும். அடையாளங்கள் தாமதமாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

முதலில் பார்க்க வேண்டியது மின் அச்சு. முதல் லீடில் கியூ.ஆர்.எஸ். (கீழறைகளின் மின்னலை) கீழ்நோக்கியும் ஏவிஎஃப் லீடில் மேல்நோக்கியும் இருந்தால் அச்சு +90 பாகையைத் தாண்டி வலப்புறம் சாய்ந்திருக்கிறது. அடுத்து வி1: அங்கே ஆர் அலை எஸ் அலையைவிட உயரமாகவோ 7 மி.மீ.க்குக் குறையாமலோ இருப்பது வலது கீழறைத் தடிப்பைச் சுட்டும். வி5, வி6 லீடுகளில் எஸ் அலை ஆழமாகும். வி1-இன் ஆர் உயரத்தையும் வி5 அல்லது வி6-இன் எஸ் ஆழத்தையும் கூட்டி 10.5 மி.மீ. வருகிறதா என்று பார்ப்பது 1949-இல் சோகோலோவ், லயன் இருவரும் வகுத்த அளவுகோல். தடித்த தசை திணறத் தொடங்கினால் வி1 முதல் வி3 வரையிலும், பெரும்பாலும் 2, 3, ஏவிஎஃப் லீடுகளிலும் எஸ்.டி. பகுதி தாழ்ந்து டி அலை தலைகீழாகும். வலது மேலறை விரிந்தால் இரண்டாம் லீடில் பி அலை 2.5 மி.மீ.க்கு மேல் கூர்மையாக எழும்.

வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களிடம் படம் சற்று மாறும். அங்கே இடது மேலறை விரிவதால் பி அலை அகன்று இரட்டை முகடாக இருக்கும். ஆனால் அச்சு வலப்புறம் சாயும். முரண்போலத் தோன்றும் இந்தச் சேர்க்கை மிகப் பயனுள்ள துப்பு. புகையால் நாட்பட்ட நுரையீரல் நோய்க்கு ஆளானவர்களிடமோ காற்று அடைத்து உப்பிய நுரையீரல் மின்னலைகளையே சிறிதாக்கிவிடுவதால் ஆர் அலையின் உயரத்தை நம்ப முடியாது.

போலிகளும் உண்டு. வலது மின்கடத்துக் கிளை அடைப்பு, இதயப் பின்சுவர் மாரடைப்பு, டபிள்யூ.பி.டபிள்யூ. கோளாறு ஆகியவற்றிலும் வி1-இல் ஆர் ஓங்கும். கைக்குழந்தைகளுக்கு அது இயல்பே. இரு கை வயர்களும் இடம் மாறினால் முதல் லீடு கவிழும், ஆனால் கூடவே பி அலையும் கவிழ்ந்திருக்கும்.

இயல்பான இ.சி.ஜி. இந்நோயை இல்லையென்று ஆக்காது. காரணம் புரியாத மூச்சுத்திணறலுடன் வருபவருக்கு இ.சி.ஜி. நார்மல் என்பதற்காக எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.