தானாக மாறும் கியரின் கதை



சில ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டத்தில் ஒரு குடும்பம் பழைய கார் ஒன்றை வாங்கியது. கியர் தானாக மாறும் கார் அது. கணவனும் மனைவியும் பால்வெட்டிச் சேர்த்த பணம். மூன்றாம் மாதமே கோளாறு வந்துவிட்டது. கியர் உரிய நேரத்தில் மாறவில்லை. இயந்திரம் வெகுநேரம் இரைந்த பிறகு, முதுகில் உதைத்தாற்போல் 'தட்' என்று மாறியது. பட்டறைக்காரர் ஒருவர், கியர் பெட்டியே போய்விட்டது என்று சொல்லிப் பல மாதச் சம்பளத்தைக் கேட்டார். வேறொரு பெரியவர் குனிந்து பார்த்து, வெடித்துப் போயிருந்த ஒரு சாண் ரப்பர் குழாயை மாற்றினார். கார் ஒழுங்காக ஓடிற்று.

முதல்வர் விளைவைப் பார்த்தார். இரண்டாமவர் காரணத்தைத் தேடினார். காரணத்தைத் தேடத் தெரியவேண்டுமானால், அந்தப் பெட்டி பிறந்த வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று அதைப் பார்ப்போம்.

தொடக்க காலக் கார்களில் கியர் மாற்றுவது பெரும்பாடு. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அலறும். 1928இல் கெடிலாக் கார்களில், பற்சக்கரங்களின் வேகத்தை முதலில் சமப்படுத்திப் பின்பு சேர்க்கும் அமைப்பு வந்தது. அதை ஆக்கியவர் ஏர்ல் தாம்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். கியர் மாற்றும் வேலையையே ஓட்டுநரிடமிருந்து நீக்கிவிட வேண்டும் என்ற முயற்சியிலும் பின்னர் அவரே முன்னின்றார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் அவருடைய குழு உருவாக்கிய 'ஹைட்ராமேட்டிக்' என்னும் பெட்டி 1939இல் அறிவிக்கப்பட்டு, 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் விற்பனைக்கு வந்தது. அதில் நான்கு வேகங்கள் இருந்தன. கிளச்சு மிதி இல்லை.

அதன் உள்ளே இருந்தவற்றுள் மூன்றை மட்டும் நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, எண்ணெய். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை முடுக்கினால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால் அதுவே இந்தப் பெட்டியின் வாயில். இந்த முறையை ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்பவர் கப்பல்களுக்காக 1905ஆம் ஆண்டளவில் கண்டுபிடித்தார். அதே எண்ணெயின் அழுத்தந்தான் உள்ளிருக்கும் பட்டைகளையும் கிளச்சுத் தட்டுகளையும் இறுகப் பிடிக்கிறது.

இரண்டாவது, வேகத்தை அறியும் உறுப்பு. குடைராட்டினம் வேகமாகச் சுழலும்போது தொட்டில்கள் வெளியே விரிவதைத் திருவிழாவில் பார்த்திருப்போம். அதுபோலக் கார் வேகம் கூடக்கூட விரியும் எடைகள் உண்டு. 'கவர்னர்' என்று இதற்குப் பெயர். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி இயந்திரத்தில் பயன்படுத்திய அதே தத்துவம்.

மூன்றாவது, ஓட்டுநர் எவ்வளவு மிதிக்கிறார், இயந்திரம் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லும் தூதன். முதலில் இது கம்பியாக இருந்தது. பின்னாளில் பல கார்களில், இயந்திரத்தின் உறிஞ்சும் வேகத்தைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயாக மாறியது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க எம் 5 இலகு டாங்கிகளில் இந்தப் பெட்டிகள் ஓடித் தேர்ச்சி பெற்றன. 1953 ஆகஸ்டு 12ஆம் நாள், மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இதைச் செய்த தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. இரும்பு வெட்டும் சுவாலையிலிருந்து பறந்த பொறி காரணம். தொழிலாளர் உயிரும் போயிற்று. அந்த இடைக்காலத்தில் வேறு பெட்டிகளைப் பொருத்திக் கார்களை விற்கும் நிலை அந்த நிறுவனத்திற்கு ஏற்பட்டது. எண்ணெய்க்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அதில் திமிங்கில எண்ணெயும் கலந்திருந்தது. திமிங்கிலங்களைக் காக்க 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா தடை கொண்டுவந்ததால் வேறு கலவை தேட வேண்டியதாயிற்று. 1980கள் முதல், எடையும் குழாயும் செய்த வேலையை மின்னணுக் கருவிகள் ஏற்கத் தொடங்கின. ஆனால் நம்மவர் கைக்கு வரும் மிகப் பழைய கார்களில் இன்றும் பழைய முறைதான் இருக்கிறது.

இனி, கோளாறுக்கு வருவோம். மூன்று உறுப்புகளையும் அதே வரிசையில் கேள்வி கேட்போம்.

கியரைப் போட்டபின் கார் நகரத் தாமதிக்கிறதா? இயந்திரம் இரைந்தும் கார் ஏறாமல் வழுக்குகிறதா? முதலில் எண்ணெயைப் பார்க்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, இயந்திரம் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக்கோலைப் பார்ப்பது பெரும்பாலான கார்களுக்கு உரிய முறை. சில கார்களுக்கு முறை வேறு. காரோடு வந்த புத்தகத்தைப் பார்த்துக்கொள்வோம். எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் கருகியிருக்கலாம். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

எண்ணெய் சரி, ஆனால் மேல் கியருக்கே போகவில்லையா? கவர்னர் சிக்கியிருக்கலாம். தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறுகிறதா? தூதனைச் சந்தேகிக்க வேண்டும். குழாய் வெடித்தால், இயந்திரம் பெரும்பாரம் இழுப்பதாகப் பெட்டி எண்ணிக்கொள்ளும். ஆகவே கியரைப் பிடித்துவைத்து, முழு அழுத்தத்தோடு மாற்றும். நம் தோட்டத்துக் காரில் நடந்தது இதுதான். குழாய் முடியும் இடத்திலுள்ள மெல்லிய சவ்வு கிழிந்தாலோ, கியர் எண்ணெய் இயந்திரத்துக்குள் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை கிளம்பும்; எண்ணெயும் குறைந்துகொண்டே வரும்.

இவை யாவும் சரியாக இருந்து, எண்ணெய்த் தட்டில் உலோகத் துகளும் கருகிய தூளும் நிறைந்து கிடந்தால், பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும். அப்போது அந்தச் செலவு நியாயமான செலவு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகக்கூடாது.

நேயர்களே, பட்டறைக்காரர் எல்லாரும் ஏமாற்றுபவர் அல்லர். ஆனால் ஒன்றும் தெரியாமல் தலையாட்டுபவரிடம் அவசர முடிவைச் சொல்வது எளிது. "எண்ணெயைப் பார்த்தீர்களா? குழாயைப் பார்த்தீர்களா?" என்ற இரண்டு கேள்விகளை நாம் கேட்டால் போதும், அவரும் ஒருமுறை குனிந்து பார்ப்பார். அன்று மாற்றிய அந்த ஒரு சாண் குழாய், நாம் நாள்தோறும் வெட்டும் மரத்தின் பாலில் ஆனதாகக்கூட இருந்திருக்கலாம். அதன் விலை சில வெள்ளிதான். அதைப் பார்க்கத் தெரியாமல் இருந்திருந்தால், அந்தக் குடும்பம் கொடுத்திருக்க வேண்டிய விலை பல மாத உழைப்பு.