மைதானமும் மடிச்சீலையும்

கல்வி நிலையங்களின் விளையாட்டுச் சரித்திரத்தை எழுத முற்படுவோர் பெரும்பாலும் வெற்றிக் கிண்ணங்களின் பட்டியலையே எழுதி முடிக்கின்றனர். எந்த ஆண்டில் எந்தக் கல்லூரி வாகை சூடியது, எவர் எத்தனை ஓட்டங்கள் குவித்தார் என்பனவெல்லாம் ஞாபக மலர்களில் ஒழுங்காகப் பதிவாகியுள்ளன. ஆட்டக்காரன் அணிந்த சப்பாத்து எவர் பணத்தில் வாங்கப்பட்டது, மைதானத்துப் புல்லை வெட்டியவனுக்குக் கூலி எந்தப் பெட்டியிலிருந்து சென்றது என்ற வினாக்களுக்கு அம்மலர்களில் இடமில்லை. சமுதாய வரலாற்றை நாடும் மாணவனுக்கோ கிண்ணத்தைக் காட்டிலும் கணக்கேடே கூடுதலாகப் பேசும்.

அக்கணக்கேட்டை மன்னார்த் தீவின் வடகரையோரத்து எருக்கலம்பிட்டியிலிருந்து புரட்டத் தொடங்குவோம். கடலையும் வணிகத்தையும் நம்பி வாழ்ந்த முஸ்லிம் மக்களின் பழைய ஊர் அது. தீவுக்குத் தெற்கே விரியும் மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்கள் பிரித்தானிய ஆட்சியாளரின் வருவாய்க் கணக்கில் தனியிடம் பெற்றவை. மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவனுக்கு அவன் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. கரையில் நின்ற அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் அரசாங்கம் 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் ஈட்டியது. மறு ஆண்டே சலாபம் ஒரு கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகையாக எழுதிக் கொடுக்கப்பட்டது. குத்தகைப் பணம் ஆண்டுக்கு 3,10,000 ரூபா. சில ஆண்டுகளுள் சிப்பி அற்றுப் போயிற்று, கம்பனியும் போயிற்று.

அந்தப் பணம் எங்கே சென்றது? முத்துப் பணமென்று தனிப்பெட்டி கிடையாது. உப்பு, சாராயம், சுங்கம் ஆகியவற்றின் வரிகளோடு கலந்து அது பொது வருவாயிற் சேர்ந்தது. அப்பொது வருவாயிலிருந்துதான் அரசாங்கத்தின் முதன்மைப் பாடசாலையான கொழும்பு றோயல் கல்லூரியும் நடத்தப்பட்டது. 1879இல் ஆசிரியரும் சேர்ந்து ஆடித் தொடங்கி, 1880 முதல் மாணவரே ஆடிவரும் றோயல் - சென் தோமஸ் கிறிக்கெற் போட்டியை இலங்கையின் கல்விப் பெருமையென்று கூறுவோர் உளர். பெருமையாகவே இருக்கட்டும். அப்பெருமையில் சலாபத்துக் குளியாளிக்கு ஒரு பங்கு உண்டென்பதை எந்த ஞாபக மலரும் எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் 1904 முதல் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் ஆடிவரும் போட்டியும் இதே ஆங்கிலப் பாடசாலை மரபின் கிளைதான். நீதிமன்றத்துக்கும் கச்சேரிக்கும் வேண்டிய கனவான்களை மைதானத்திலே வார்த்தெடுக்கலாம் என்பது அம்மரபின் நம்பிக்கை.

இம்மரபை முதலில் அசைத்தது கன்னங்கராவின் கல்விச் சீர்திருத்தம். நாற்பதுகளில் கிராமப்புறங்களில் ஐம்பத்து நான்கு மத்திய கல்லூரிகள் எழுந்தன. 1945 ஒக்டோபரில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. கற்பதற்கு வழியற்றிருந்த ஊர்களிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகள் புறப்பட்டனர். எருக்கலம்பிட்டியிலும் மத்திய கல்லூரி ஒன்று உண்டு. அவ்வூரிற் பிறந்த எஸ். எச். ஹஸ்புல்லாஹ் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியற் பேராசிரியராக விளங்கி 2018இல் மறைந்தார் என்பது அச்சீர்திருத்தத்தின் கனிகளுள் ஒன்று.

ஆயினும் இலவசம் வகுப்பறை வாசலோடு நின்றுவிட்டது. ஐம்பதுகளில் 'வசதிக் கட்டணம்' என்றொரு சொல் பாடசாலை உலகில் நுழைந்தது. கற்பித்தலுக்குப் பணம் வாங்கலாகாது. விளையாட்டு, நூலகம் முதலிய வசதிகளுக்கு வாங்கலாம். சொல் சிறியது, பொருள் பெரியது. கணக்குப் பாடம் பிள்ளையின் உரிமை, பந்து அவனது பெற்றோரின் பொறுப்பு என்று இரண்டாகப் பிரித்தாயிற்று. கட்டணம் எல்லா இடத்தும் ஒன்றாகவே இருந்தாலும் அதன் பயன் ஒன்றாக இருக்க முடியாது. பெருநகரப் பாடசாலையில் அக்கட்டணம் வெறும் முதற்துளி; அதன்மேல் பழைய மாணவரின் நன்கொடை, களியாட்ட விழா, கம்பனி விளம்பரம் என மழை பொழியும். கடற்கரைக் கிராமத்துப் பாடசாலைக்கு அந்த முதற்துளியே முழு மழை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கீழ்க் கொண்டுவந்தன. முற்போக்காளர் அதனை வரவேற்றது சரியே. ஆனால் கட்டடமும் ஆசிரியரும் அரசுடைமையான பின்னரும் மைதானத்தின் செல்வம் பழைய மாணவரின் மடிச்சீலையிலேயே தங்கிவிட்டது.

இம்முறை முற்றிப் பழுத்தால் என்னவாகும் என்று அறிய அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே பல்கலைக்கழக விளையாட்டு பிறந்ததே விளம்பரத்தில்தான். 1852இல் ஹார்வாட், யேல் கல்லூரிகளின் முதற் படகோட்டப் போட்டிக்குச் செலவழித்தது ஒரு புகையிரதக் கம்பனி. ஏரிக்கரைக்குப் பிரயாணிகளை ஈர்ப்பதே அதன் நோக்கம். 1929இல் கார்ணெகி நிறுவனம் வெளியிட்ட விரிவான அறிக்கை, தான் ஆராய்ந்த கல்லூரிகளிற் பெரும்பாலானவை ஆட்டக்காரருக்குப் பணமும் சலுகையும் கொடுத்து வந்ததைக் காட்டிற்று. சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் 1939இல் தம் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணியையே கலைத்துவிட்டார். பிறர் அவ்வழியிற் செல்லவில்லை.

1955இல் கொலராடோ மாநிலத்துக் கல்லூரி ஒன்றின் ஆட்டக்காரர் களத்தில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி, தொழிலாளருக்குரிய நட்டஈட்டைக் கேட்டார். இறந்தவர் ஊழியரல்லர் என்று மாநில உயர் நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. அக்காலத்திலேதான் கல்லூரி விளையாட்டை ஆளும் தேசியச் சங்கம் 'மாணவ விளையாட்டாளர்' என்ற சொல்லை வழங்கத் தொடங்கியது. இத்தகைய நட்டஈட்டு உரிமையிலிருந்து தப்புவதற்கு ஆக்கப்பட்ட சொல் அதுவென்பதை, அச்சங்கத்தை நீண்ட காலம் நடத்திய வால்டர் பையர்ஸ் பின்னாளில் தாமே எழுதினார். உழைப்பை உழைப்பென்று சொல்லாமல் விட்டால் கூலியைக் கூலியென்று கொடுக்க வேண்டியதில்லை. நமது தோட்டத் துரைமாரும் இவ்வித்தை அறிந்தவரே.

அங்கே அரங்குகளில் பல்லாயிரவர் கூடுகின்றனர். தொலைக்காட்சிப் பணம் குவிகிறது. ஆகவே விளையாட்டு பல்கலைக்கழகத்தைப் போஷிக்கிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை தலைகீழானது. மிகச் சில பெரும் பல்கலைக்கழகங்களைத் தவிர ஏனையவற்றின் விளையாட்டுத் துறைகள் ஈட்டுவதினும் கூடுதலாகச் செலவழிக்கின்றன. பற்றாக்குறையை நிரப்புவது பல்கலைக்கழகத்தின் பொது நிதியும் மாணவர் கட்டணமும். அரங்குக்கு ஒருநாளும் செல்லாத மாணவியும், இரவில் உணவகத்தில் தட்டுக் கழுவிப் படிக்கும் மாணவனும், கல்விக் கடனை வாங்கி அக்கட்டணத்தைச் செலுத்துகின்றனர். பெரும்பாலான மாநிலங்களில் அதிகச் சம்பளம் பெறும் அரசாங்க ஊழியர் ஓர் உதைபந்தாட்ட அல்லது கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகவே இருக்கிறார். வர்ஜீனியா மாநிலம் 2015இல் சட்டம் இயற்றி, மாணவர் கட்டணத்திலும் பொது நிதியிலுமிருந்து விளையாட்டுக்குச் செல்லும் பங்குக்கு வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. 2025 யூன் மாதத்தில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரருக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதலாண்டின் உச்ச வரம்பு ஏறத்தாழ 2 கோடி 5 இலட்சம் டொலர். ஆட்டக்காரனின் உழைப்புக்கு விலை உண்டென்று ஒப்புக்கொண்டது நல்லதே. அவ்விலையை எவர் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் மீண்டும் கட்டணம் செலுத்தும் மாணவனிடமே வந்து நிற்கிறது.

இந்த அமெரிக்க முறையின் நற்பயனைப் பெற்ற தமிழரும் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாய்ந்து பழகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றியவர். 1958இல் தோக்கியோவில் இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர். லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று அதன் அணிக்காகவும் பாய்ந்தார். பின்னர் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். படிப்பும் பாய்ச்சலும் ஓருடலிற் பொருந்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அவருக்கும் முதற் களம் யாழ்ப்பாணத்துப் பழைய மிஷன் கல்லூரி ஒன்றின் மைதானமே.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் நிலைமை அமெரிக்காவினின்றும் வேறானது. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் பத்தாண்டுகளின் பின் பேராதனைக்குப் பெயர்ந்தபோது, விடுதியும் மைதானமும் பாடத்திட்டத்தின் பகுதிபோலவே அமைந்தன. இன்றும் பல்கலைக்கழக விளையாட்டுக்குரிய பணத்தின் பெரும்பகுதி திறைசேரியிலிருந்தே வருகிறது. மாணவனைக் கடனாளியாக்கி அரங்கு கட்டும் கொடுமை இங்கில்லை. இதனைப் பாதுகாக்க வேண்டும். தேசிய வருமானத்தில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குக என்று பல்கலைக்கழக ஆசிரியர் 2012இல் நடத்திய நீண்ட வேலைநிறுத்தம் இந்தப் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் திறைசேரி என்பது யார்? இந்நாட்டு வரியின் பெரும்பங்கு மறைமுக வரி. 2024 தை மாதத்தில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்தபோது கொழும்பு வணிகரும் எருக்கலம்பிட்டி மீனவரும் சவர்க்காரக் கட்டிக்கு ஒரே வரியைச் செலுத்தினர். வலை இழுப்பவர் பேராதனை மைதானத்துக்கும் கட்டணம் செலுத்துகிறார். பற்றுச்சீட்டு மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை. அவருடைய பிள்ளை அந்த மைதானத்தை அடையும் வழி என்ன? பின்தங்கிய மாவட்டம் என்ற வகையில் மன்னாருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒதுக்கீடு உண்டு. விளையாட்டிற் சிறந்தோருக்கான விசேட அனுமதியும் உண்டு. ஆனால் அங்கே தேசிய, சர்வதேசச் சாதனையே அளவுகோல். அச்சாதனைக்கு ஓடுபாதையும் பயிற்றுநரும் சத்துணவும் பதினைந்து வயதிலேயே வேண்டும். அவற்றைக் கொடுக்கவல்லவை பழைய மாணவரின் பணம் படைத்த பாடசாலைகளே. பாடசாலையில் வசதிக் கட்டணமாகத் தொடங்கிய ஏற்றத்தாழ்வு பல்கலைக்கழக வாசலில் தகுதி என்ற பெயர் பெறுகிறது.

எருக்கலம்பிட்டியின் கணக்கேட்டில் இன்னொரு பக்கமும் உண்டு. அது பிற ஊர்களுக்கு இல்லாதது. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி மக்கள் வீட்டையும் உடைமையையும் விட்டுக் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். தமிழர் விடுதலையின் பேரால் நிகழ்ந்த இவ்வநீதியை முற்போக்காளர் தயக்கமின்றிக் கூற வேண்டும். ஹஸ்புல்லாஹ் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை இதனை ஆவணப்படுத்துவதிலும் மீள்திரும்பும் உரிமைக்காக வாதிடுவதிலும் செலவிட்டார்.

ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சமூகம் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் சேர்ந்த செல்வம். கொழும்புக் கல்லூரிக்கு அது நூற்றாண்டைக் கடந்து சேர்ந்தது. எருக்கலம்பிட்டிக்கோ, மத்திய கல்லூரியில் பயின்ற தலைமுறைகள் உத்தியோகத்திலும் வியாபாரத்திலும் காலூன்றிய வேளையில், ஓர் ஐப்பசி மாதத்தில் எல்லாம் கடலில் இறக்கப்பட்டது. புத்தளத்து நாகவில்லுவில் எருக்கலம்பிட்டியின் பெயரைத் தாங்கிய வித்தியாலயம் எழுந்தது. 2009இல் போர் முடிந்த பின் ஒரு பகுதியினர் தீவுக்குத் திரும்பினர். மறுபகுதியினர் புத்தளத்திலேயே வேர் விட்டனர். இன்று ஓரூரின் பெயரில் கடலின் இரு கரையிலும் பாடசாலைகள் உள்ளன. இரண்டிலும் விளையாட்டுப் போட்டி நடக்கும் மாதத்தில் இல்லங்களுக்குக் கொடியும் சீருடையும் வேண்டும். கல்வி அமைச்சின் பணம் போதாதபோது பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடுகிறது. பிரிந்த ஒரே குடும்பத்தின் அண்ணன் இக்கரையிலும் தம்பி அக்கரையிலும் மடியை அவிழ்க்க வேண்டியிருக்கிறது.