பழந்துணியின் தரம்

பழையதாகிவிட்ட ஆடையின் வாழ்வு அத்துடன் முடிந்துவிடுகிறதா? இல்லை என்பதற்கு, 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் ஹவுண்ட்ஸ்டிச்சில் நடைபெற்ற பழந்துணிச் சந்தையே சான்று. இதழாளர் ஹென்றி மேஹியூ 1851இல் அவ்வணிகத்தை விரிவாக எழுதினார்.

அணியத்தக்க ஆடை மறுவிற்பனைக்குச் சென்றது. கிழிந்தது ஒட்டுப்போடுவோரிடம் சென்றது. உருக்குலைந்த கம்பளியோ, பாட்லியில் பெஞ்சமின் லா 1813இல் கண்ட முறைப்படி, இழையாகப் பிரிக்கப்பட்டு மீண்டும் நூலாயிற்று. அதற்கும் உதவாதது கென்ட் வட்டாரத்து ஹாப் கொடிகளுக்கு எருவாயிற்று. எதுவும் வீணாகவில்லை.

ஆனால், நேயர்களே, வெளிறிய கறுப்புக் கோட்டுக்குச் சாயமேற்றிப் புதியதுபோல் காட்டியோரும் அங்கு இருந்தனர். அந்தப் பொலிவு நீடிப்பதில்லை; இழப்போ, ஒரே கோட்டுக்காகக் காசு சேர்த்த ஏழைக்கு. தரம் பிரிப்போர்க்குக் கூர்மையான கண் மட்டும் போதாது. கண்ட குறையை மறையாது உரைக்கும் நாவும் வேண்டும்.