மேடையில் நேர்ப்பேச்சு: தமிழ்நாட்டு வேட்பாளரும் வாக்காளரும், 1908–1973

தமிழ்நாட்டு அரசியல் மேடையின் வரலாறு என்றால் அடுக்குமொழியின் வரலாறு என்றே பலரும் எண்ணுகிறோம். எதுகையும் மோனையும் செறிந்த பேச்சு அச்சில் தங்கியது, ஒலிநாடாவில் தங்கியது, மாணவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். அதன் பக்கத்திலேயே வேறொரு மரபும் இருந்தது. மனத்தில் பட்டதைச் சுற்றி வளைக்காமல், வீட்டுத் திண்ணையில் பேசும் தமிழிலேயே கூட்டத்தின் முன் சொல்லிவிடும் மரபு அது. அதன் சுவடுகள் குறைவு. அதனாலேயே ஆய்வாளர் கவனமும் குறைவு. அந்த மரபு எங்கே தொடங்கியது, வாக்குச் சீட்டு வந்தபின் என்னவாயிற்று, எங்கே தோற்றது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது. என் வாதம் இது: எளிய மொழி மட்டும் வேட்பாளருக்கு நம்பிக்கையைப் பெற்றுத் தரவில்லை. சொன்ன சொல்லுக்காக அவர் எதையேனும் இழக்கத் துணிந்திருந்தாரா என்பதைக் கேட்டவர்கள் எடைபோட்டுப் பார்த்தார்கள்.

பொதுமேடையில் தமிழ் ஒலிப்பதே புதுமையாக இருந்த காலம் உண்டு. 1887-இல் சென்னையில் 607 பிரதிநிதிகளுடன் கூடிய காங்கிரஸ் மாநாடு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1907 மே மாதத்தில், விபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் பேசியதும் ஆங்கிலத்தில்தான். கூட்டத்தை நோக்கித் தமிழில் பேசும் வழக்கம் சமயத் துறையில் முன்பே வேரூன்றியிருந்தது. கிறித்தவப் பாதிரிமாரின் பிரசங்கமும், 1847-இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கமும் அதற்குச் சான்று. அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் இந்தத் தொடர்ச்சியை விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தக் குரல் அரசியலுக்குள் வந்த திருப்பம் தூத்துக்குடியில் நிகழ்ந்தது.

1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுப்பிரமணிய சிவாவும் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் தூத்துக்குடியில் அடுத்தடுத்துக் கூட்டங்கள் நடத்தினார்கள். கேட்க வந்தவர்களில் கோரல் மில் தொழிலாளர்கள் பலர். அவர்களுக்குச் சுயராஜ்யம் என்ற சொல் புதிது. கூலியும் வேலை நேரமும் பழகியவை. பேச்சாளர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போன குறிப்புகள் பிறகு நீதிமன்றத்தில் சான்றாயின. மேடைப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்யும் தேவையை அரசாங்கம் உணர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். மார்ச் 12-இல் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே தந்த தீர்ப்பில் சிதம்பரம் பிள்ளைக்குத் தீவாந்தரமும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதிக்கப்பட்டன.

அவர்கள் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்டவர்களிடம் கொடுக்க ஓட்டும் இல்லை. ஆனாலும் பின்னால் வந்த வேட்பாளர்களுக்கு ஓர் அளவுகோல் அங்கே உருவானது: மேடையில் சொன்னதற்குப் பேசியவர் விலை கொடுத்தாரா? அடுத்த முப்பது ஆண்டுகள் தேர்தலில் நின்ற காங்கிரஸ்காரர்களுக்குச் சிறைவாசமே பெரிய சான்றிதழாக இருந்ததற்கு இதுவே வேர் என்று கருதுகிறேன்.

1920-இல் தொடங்கிய சட்டமன்றத் தேர்தல்களில் சொத்தும் வரியும் உள்ள சிலருக்கே வாக்குரிமை. அங்கே பிரமுகரின் வீட்டு வாசலில் நடக்கும் பேச்சே போதுமானது. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் வட்டத்தை விரித்தது. 1937-இல் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் வென்றது. ‘மஞ்சள் பெட்டி’ என்ற இரண்டே சொல்லில் வாக்களிக்கும் முறையை ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்த தேர்தல் அது. அதில் அதிகம் தேடப்பட்ட பேச்சாளர் சத்தியமூர்த்தி. அவருடைய சீடர் காமராஜர் பேச்சுக்குப் பெயர் பெற்றவரே அல்லர். ஆனால் 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்குச் சீடர் தலைவரானார். குரு அவருக்குக் கீழே செயலாளராகப் பணியாற்றினார்.

இந்த இடத்தில் பெரியாரைச் சொல்லாமல் போக முடியாது. கூட்டத்தில் துண்டுச் சீட்டுகளில் கேள்விகள் வரும். அவற்றை உரக்கப் படித்து, கேட்டவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பதில் சொல்வார். நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. கொச்சை வழக்கும் ஈரோட்டு வாடையும் கலந்த அந்தப் பேச்சில் கடவுளும் சாதியும் படாத பாடு பட்டன. ஆனால் அவர் கட்டிய திராவிடர் கழகம் தேர்தலில் நிற்கவில்லை. ஓட்டுத் தேவைப்படாத நாக்குக்குக் கிடைக்கும் சுதந்திரம் அது. வேட்பாளருக்கு அந்த வசதி கிடையாது. அவர் உண்மையையும் சொல்ல வேண்டும், மறுநாள் அதே தெருவில் கைகூப்பவும் வேண்டும்.

அந்தச் சிக்கலை இராஜாஜியையும் காமராஜரையும் அருகருகே வைத்தால் தெளிவாகப் பார்க்கலாம். தெளிந்த, எளிய தமிழ் என்றால் இராஜாஜியின் தமிழைச் சொல்லலாம். கொள்கை உறுதியிலும் அவர் குறைந்தவர் இல்லை. 1952-இல் முதலமைச்சரானதும் கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று சட்டசபையிலேயே ஒளிக்காமல் அறிவித்தார். 1953-இல் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோதும் தாம் நம்பியதையே சொன்னார். ஆனால் மக்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓராண்டுக்குள் அவர் பதவி விலக நேர்ந்தது.

இராஜாஜி 1937-இல் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து சட்டசபைக்கு வந்தவர். 1952-இல் மேலவை நியமனம் வழியாக வந்தவர். செருப்புத் தைப்பவரிடமோ சலவைத் தொழிலாளியிடமோ போய், உன் பிள்ளை பாதி நாள் உன் வேலையைக் கற்கட்டும், எனக்கு ஓட்டுப் போடு என்று கேட்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்படவில்லை. கேட்டிருந்தால் திட்டம் பிறந்தே இருக்காது என்பது என் துணிபு. அந்தத் திட்டத்தில் இழப்பு முழுவதும் கேட்பவருடையது. சொன்னவர் எதையும் பணயம் வைக்கவில்லை.

1954 ஏப்ரலில் முதல்வரான காமராஜருக்கும் மேலவைக் கதவு திறந்தே இருந்தது. அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, கம்யூனிஸ்ட் வேட்பாளரை வென்று சட்டசபைக்கு வந்தார். குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். காங்கிரஸைக் கடுமையாக எதிர்த்துவந்த பெரியார் இவரைப் பச்சைத் தமிழர் என்று கொண்டாடி ஆதரித்தது அரசியல் அணிவகுப்பையே மாற்றியது. காமராஜரின் மேடைப் பேச்சில் மேற்கோள் இராது, உவமை இராது. வாக்கிய முடிவில் ‘ன்னேன்’ என்று வரும் விருதுநகர் வழக்கு இருக்கும். பள்ளிக்கூடம், அணை, மின்சாரம், பிள்ளைகளுக்கு மதியச் சோறு என்று பொருள் மட்டும் இருக்கும். மனு கொடுக்க வந்தவர்களுக்கு அவர் சொன்ன பதில் ‘ஆகட்டும், பார்க்கலாம்’. முடியாததை முடியும் என்று சொல்வதில்லை என்று அவரைப் பற்றி ஊருக்கு ஒரு கணிப்பு இருந்ததால், அந்த இரண்டு சொல்லுக்கும் மதிப்பு இருந்தது. 1956-இல் விரிவாகத் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை 1957 தேர்தலில் விளக்கிச் சொல்லவே தேவைப்படவில்லை; தட்டேந்திய பிள்ளைகளின் தாய்மார் வாக்காளர்களாக இருந்தார்கள்.

ஆனால் இந்த வகைப் பேச்சுக்கு ஓர் எல்லை உண்டு. அதை மறைப்பது ஆய்வுக்கு அழகல்ல. 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள் சுடப்பட்டபின், அரிசிக்கு மக்கள் வரிசையில் நின்றபின், காங்கிரஸின் எளிய பேச்சுக்கு அடியில் நிலம் இல்லாமல் போனது. 1967-இல் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றார். அதே தேர்தலில் தி.மு.க. தலைவர் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார். பிறகு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். அலங்காரத் தமிழின் பெரும் ஆசானான அவரை அன்று வீடுகளுக்குள் கொண்டுபோனது இந்த வரிதான். ஆசை எது, உறுதி எது என்று பிரித்துச் சொன்ன அதன் நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படியைக் கொடுத்தும் பார்த்தார்கள். அதை மாநிலம் முழுவதும் விரிக்க நிதி இடம் தரவில்லை.

அண்ணாவின் தம்பிமார் அவருடைய அடுக்குமொழியை எடுத்துக்கொண்ட அளவுக்கு இந்தப் பிரித்துச் சொல்லும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் வட்டச் செயலாளர்கூடச் செந்தமிழில் முழங்கினார். எல்லாரும் முழங்கும்போது முழக்கத்தை வைத்து ஒருவரை இனம் காண முடியாமல் போகிறது.

அந்த நேரத்தில்தான் 1972 அக்டோபரில் நடிகர் எம்.ஜி.ஆர் தம் கட்சியான தி.மு.க.வின் வரவு செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லிப் பொதுக்கூட்டத்தில் பேசினார். 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்தபின் அவருடைய குரல் தடித்து, சொற்கள் தெளிவிழந்திருந்தன. நீண்ட வாக்கியம் அவருக்கு இயலாது. கணக்குக் கேட்டதற்காக அவரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். திரைப்புகழ் அவருக்கு இருந்தது, ரசிகர் மன்றங்கள் இருந்தன. அவற்றின் பங்கை நான் குறைக்க முயலவில்லை. ஆனால் அதே புகழ் கட்சிக்குள் இருந்தபோதும் அவரிடம் இருந்தது. நீக்கப்பட்டபின் சேர்ந்தது, கேட்டதற்காகப் பதவியை இழந்தவர் என்ற பெயர். டீக்கடையில் ‘கணக்குத்தானே கேட்டாரு’ என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டியதில்லை.

1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர் தொடங்கி ஏழு மாதமே ஆகியிருந்த அ.தி.மு.க.வின் வேட்பாளர் மாயத்தேவர் வென்றார். காமராஜரின் பழைய காங்கிரஸ் இரண்டாம் இடத்துக்கு வந்தது. மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த, தமிழ்நாட்டின் மிகச் சிறந்த மேடைப் பேச்சாளர்களை வைத்திருந்த தி.மு.க. மூன்றாம் இடத்தில் நின்றது.