கீழ 2-ம் வீதி

புதுக்கோட்டைக்கு முதல்முறை வர்றவங்க கேட்பாங்க: "என்னங்க, கீழ 2-ம் வீதி, வடக்கு 4-ம் வீதின்னு நம்பராவே இருக்கு?" கனடா சாஸ்கட்டூன்காரர் கேட்க மாட்டார், அங்கேயும் நம்பர்தான் :-)

ஆனா அது 1883-ல வெறும் புல்வெளியில கோடு கிழிச்ச ஊரு. நம்மளது எரிஞ்சுபோய் எழுந்த ஊரு! 1812-ல தீ விபத்து. அப்புறம் விஜயரகுநாதத் தொண்டைமான், மேஜர் பிளாக்பர்ன் யோசனைப்படி, நடுவிலிருந்த பழைய அரண்மனையையும் குறுகலான சந்துகளையும் இடிச்சிட்டு, கிழமேலாவும் தென்வடலாவும் நேர்வீதி போட்டார். பிற்பாடு 1878-ல திவானா வந்த சேஷையா சாஸ்திரி பல்லவன் குளம், புதுக்குளத்தையெல்லாம் சீராக்கினார்.

ராஜா பேரும் திவான் பேரும் நமக்குத் தெரியுது. இடிபட்ட சந்துல குடியிருந்த சனங்க எங்க போனாங்களோ? ராஜவீதியில நடக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் உறுத்தும். உங்க ஊர் வீதிக்கு என்ன கதைங்க?